ஒட்டாவா ஆற்றில் மஸ்கி மீனுக்குப் புதிய இடங்களைத் தேடுவது எப்படி?

கேள்வி: டொராண்டோவிலிருந்து ஒட்டாவாவுக்குக் குடிவந்து இரண்டு கோடைகள் கழிந்துவிட்டன. பெட்ரி தீவைச் சுற்றி எல்லோரும் போகும் இரண்டு மூன்று இடங்களில்தான் மஸ்கி என்னும் பெரிய வேட்டை மீனுக்குத் தூண்டில் வீசி வருகிறேன். இதுவரை ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. சனிக்கிழமைகளில் அங்கே படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன. இவ்வளவு பெரிய ஆற்றில் புதிய இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நீருக்கடியில் இருப்பதை ஒலியால் அறிந்து திரையில் காட்டும் நல்ல சோனார் கருவி ஒன்று வாங்கினால் போதுமா?

பதில்:

உங்கள் கேள்விக்குள் ஒரு கவலை இருக்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோடையில் ஒரு மஸ்கி என்பது தொடக்கக் காலத்தில் மோசமான கணக்கு அன்று. மஸ்கி வாழும் நீர்நிலைகள் பலவற்றில் ஏக்கருக்கு ஒரு முதிர்ந்த மீன்கூட இராது. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இதற்குப் பெயர் வந்ததும் அதனால்தான். இவ்வளவு அரிதாகப் பரந்து கிடக்கும் மீனைத் தேடும்போது, மீனே இல்லாத தண்ணீரில் கழிக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. எந்தப் போலி இரையைக் கட்டுவது, என்ன நிறம் என்பவையெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

ஒட்டாவா ஆறு 1,271 கிலோமீட்டர் நீளமுடையது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அணைகளும் அருவிகளும் அதைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன, ஒவ்வொரு துண்டும் மீனுக்கு ஒரு தனி ஆறு. நகரத்துக்கு மேற்கே ஷாட்ஸ் அணைக்கும் டெஷேன் பாய்ச்சலுக்கும் இடையில் இருப்பது டெஷேன் ஏரி என்று அழைக்கப்படும் அகன்ற பகுதி. சோடியேர் அருவிக்குக் கீழே தொடங்கி, 1964ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கரில்லோன் அணை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் தடையின்றி ஓடுவது இன்னொன்று. பெட்ரி தீவு இதில்தான் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியதும் இந்த நூறு கிலோமீட்டர் முழுவதும் அன்று, அதில் பத்துக் கிலோமீட்டர் மட்டுமே. ஒரு படகுத்துறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து மேலே ஐந்து, கீழே ஐந்து என்று எல்லை போட்டு, ஒரு பருவம் முழுவதும் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். வாரம் ஓர் ஊருக்குப் போய்ப் பார்ப்பவர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் எந்த ஊரையும் அறிந்திருக்க மாட்டார். ஒரு பகுதியை ஜூனிலும் ஆகஸ்டிலும் நவம்பரிலும் பார்த்தவரோ அடுத்த பகுதிக்குப் போகும்போது அதைப் பாதி நாளில் படித்துவிடுவார்.

இதற்கு மீனின் ஆண்டுச் சுற்றே காரணம். மஸ்கி மே மாதத்தில், தண்ணீர் ஏறக்குறைய 10 முதல் 15 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது, ஆழமில்லாத விரிகுடாக்களில் முட்டையிடுகிறது. ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பிவரும் இயல்பு அதற்கு உண்டு. பிறகு கோடையில் செடி விளிம்புகளுக்கும், இலையுதிர் காலத்தில் ஆழமான மடுக்களின் ஓரங்களுக்கும் நகர்கிறது. ஆகவே ஓர் இடம் என்பது தனியாக இருப்பதில்லை. முட்டையிடும் குடா, கோடை மேய்ச்சல், குளிர்கால மடு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்த ஒரு தொடர் அது. உங்கள் பத்துக் கிலோமீட்டருக்குள் அந்த மூன்றும் உண்டா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஏரியில் மஸ்கி தேடிப் பழகியவர்கள் ஆற்றுக்கு வந்ததும் ஏரியில் செய்ததையே செய்கிறார்கள்: ஆழத்தையும் செடியையும் பார்த்து வீசுகிறார்கள். ஆற்றில் அவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியது நீரோட்டம். மஸ்கியின் உடலமைப்பைக் கவனியுங்கள். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலை ஒட்டிப் பின்தள்ளி அமைந்திருக்கின்றன. நின்ற இடத்திலிருந்து அம்பு போலப் பாய்வதற்கான அமைப்பு அது. நம் ஊர் விராலைப் போல இதுவும் பதுங்கிப் பாயும் மீனே தவிர, நாளெல்லாம் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் மீன் அன்று. ஆனால் அதன் இரை ஓட்டத்தோடு வருகிறது, அல்லது ஓட்டத்தின் ஓரத்தில் கூடுகிறது. எனவே ஓட்டத்துக்கு வெளியே, ஆனால் ஓட்டத்துக்கு எட்டும் தூரத்தில் நிற்பதே அதற்கு வசதி. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் அந்த விளிம்பு எங்கெல்லாம் உண்டாகிறதோ அங்கெல்லாம் ஓர் இடம் இருக்க வாய்ப்புண்டு. அந்த விளிம்பு ஆழத்தையோ செடியையோ மரக்கட்டையையோ தொடுமானால் வாய்ப்பு பல மடங்காகிறது.

விளிம்புகள் பல வகைப்படும். தீவின் கீழ்முனை எல்லோருக்கும் தெரியும். அங்கே இரண்டு பக்க ஓட்டமும் சேர்ந்து நடுவில் தேக்கம் உண்டாகும். தீவின் மேல்முனையை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஓட்டம் ஒரு தடையில் மோதும் இடத்துக்குச் சற்று முன்னால், தண்ணீர் தன் வேகத்தை இழந்து ஒரு மெத்தை போல நிற்கிறது. தடைக்குப் பின்னால் இருக்கும் தேக்கத்தைவிட அது சிறியது. ஆனால் வரும் இரையை முதலில் பார்க்கும் இடம் அதுவே. பெரிய மீன் ஒன்று தனக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்வதாக இருந்தால், இந்த மேல்முனை மெத்தையைத்தான் தேர்கிறது என்று என் அனுபவம் எனக்குச் சொல்லியிருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய மரக்கூட்டில். 1806ஆம் ஆண்டு மரவணிகர் பிலமன் ரைட் தன் முதல் மரத்தெப்பத்தைக் கியூபெக் நகரத்துக்கு மிதக்கவிட்டது முதல் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, இந்த ஆறு மரக்கட்டைகளின் சாலையாக இருந்தது. மிதந்து வரும் கட்டைகளைத் தடுத்துத் திருப்புவதற்காக, மரச்சட்டங்களைக் கூடு போல அடுக்கி உள்ளே பாறைகளை நிரப்பி ஆற்றின் நடுவே தூண்களாக நட்டார்கள். வேலை முடிந்து, கட்டைகள் போய், அந்தக் கூடுகளில் பல இன்னும் அங்கேயே நிற்கின்றன. சில தண்ணீருக்கு மேல் தலைகாட்டுகின்றன, சில ஓரடி ஆழத்தில் மறைந்து படகின் அடியைக் கிழிக்கக் காத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கூட்டின் கீழ்ப்பக்கத்தில் மூன்று இலையுதிர் காலங்கள் வீசியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் ஆண்டு, அக்டோபர் நடுவில் ஒரு மதியம், மேகம் மூடி மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. காற்று படகை மேல்பக்கமாகத் தள்ளிவிட்டது. அந்த வசந்த வெள்ளம் கொண்டுவந்த ஒரு மேப்பிள் மரம் கூட்டின் முகத்தில் குறுக்காகச் சிக்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மரத்தின் கிளைகளுக்கு முன்னால் நீர்ப்பரப்பு மட்டும் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது. இரு பக்கமும் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வழவழப்பான தட்டுக்குள் இரண்டாம் வீச்சு விழுந்தது. போலி இரை படகுக்கு ஆறடி தொலைவில் வந்தபோது அதன் பின்னால் தேயிலைச் சாயம் போன்ற தண்ணீருக்குள் ஒரு பழுப்புப் பலகை மிதந்து வருவது தெரிந்தது. அது பலகை அன்று, முதுகு. தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, படகின் ஓரத்தில் இரையை 8 என்ற எண்ணின் வடிவில் சுழற்றி, பெரிதாக எட்டுப் போட்டேன். முதல் வளைவில் மீன் நின்றது. இரண்டாம் வளைவில், இரை வெளிப்பக்கம் அகன்று மேலெழும்போது, வாயின் வெண்மை மட்டும் திறந்து மூடியது. 48 அங்குலம். கைவலையைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, வாலடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்; செவுள் மூடி நிதானமாக ஏழெட்டு முறை திறந்து மூடியது, பிறகு ஒரே உதறலில் என் சட்டையை நனைத்துவிட்டுப் போனது. மூன்று ஆண்டுகள் நான் சரியான கூட்டின் தவறான பக்கத்தில் நின்றிருந்தேன். நாற்பதடி இடைவெளிதான்.

அதனால்தான் சொல்கிறேன், புதிய இடம் என்பது எப்போதும் புதிய ஊரில் இருக்க வேண்டியதில்லை. நீங்கள் அறிந்த இடத்தின் அறியாத பக்கமும் புதிய இடமே. பெட்ரி தீவுப் பக்கத்தில் படகுகள் வரிசைகட்டி நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாம் எந்தத் திசையை நோக்கி வீசுகின்றன, எதை யாரும் தொடுவதில்லை என்று ஒரு நாள் கோலை எடுக்காமல் பாருங்கள்.

அடுத்து தண்ணீரின் நிறம். வடக்கே உள்ள சதுப்பு நிலங்களிலிருந்தும் ஊசியிலைக் காடுகளிலிருந்தும் வடியும் நீர் என்பதால் ஒட்டாவா ஆறு பால் கலக்காத தேநீரின் நிறத்தில் ஓடுகிறது. வெளிச்சம் ஆழமாக இறங்காததால் நீர்ச்செடிகள் ஆழத்தில் வளர்வதில்லை. செடிப்படுகையின் வெளி விளிம்பு பெரும்பாலும் ஆறு முதல் பத்து அடி ஆழத்திலேயே முடிந்துவிடுகிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுகள் பகுதியில், வரிக்குதிரைச் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தெளியவைத்துவிட்டதால், செடிகள் அதைவிட மிகுந்த ஆழத்துக்கு இறங்கியிருக்கின்றன. அங்கே எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே இருபதடி ஆழத்தில் செடி விளிம்பைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காது. இங்கே பெரிய மீன் இடுப்பளவு தண்ணீரில் நிற்பது இயல்பான செய்தி. எனவே கரையோரம் ஆழமில்லை என்று நீங்கள் கடந்துபோன இடங்களை மறுபடியும் பார்க்க வேண்டும்.

செடிகளிலும் வேறுபாடு உண்டு. எங்கும் ஒரே அடர்த்தியாகப் படர்ந்திருக்கும் மில்ஃபாயில் என்னும் நீர்ச்செடி மெத்தையைவிட, மீனவர்கள் கேபேஜ் என்று அழைக்கும் அகன்ற இலைச் செடி ஆங்காங்கே உயர்ந்து நிற்கும் திட்டுகள் மேலானவை, ஏனெனில் தண்டுகளுக்கு இடையே பெரிய உடல் திரும்புவதற்கு இடம் கிடைக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள செடிப்படுகையில் முழுவதும் வீசத் தேவையில்லை; அதில் உள்நோக்கி வளைந்த பைகள், வெளியே நீண்ட மூக்குகள், ஓட்டம் வந்து முதலில் மோதும் மேல்முனை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளையாறுகள் கலக்கும் இடங்கள் இதே காரணத்தால் கவனிக்கத் தக்கவை. கட்டினோ, லியேவ்ர், பிளான்ஷ், பெடீட் நேஷன் ஆகியவை வடகரையிலும், சௌத் நேஷன் தென்கரையிலும் வந்து சேர்கின்றன. சௌத் நேஷன் களிமண் வயல்வெளிகளுக்கு ஊடாக வருவதால், மழைக்குப் பின் அது கலங்கலாகப் பாய, பெரிய ஆற்றின் தேநீர் நிறத்துக்கும் அந்தச் சேற்று நிறத்துக்கும் இடையில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு விழும். அந்தக் கோட்டையும் ஒரு விளிம்பாகவே கொள்ளுங்கள். தெளிந்த பக்கத்தில் படகை நிறுத்தி, கோட்டை ஒட்டி இணையாக வீசுங்கள்.

இப்போது ஆறு உறைந்து கிடக்கிறது. படகு கொட்டகையில் இருக்கிறது. புதிய இடம் தேடுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன், ஏனெனில் வரைபடத்தின் முன் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை அவ்வளவு இருக்கிறது. கனடா நீர்வரைவியல் துறையின் கடற்பயண வரைபடங்களில் தொடங்குங்கள். கைபேசிச் செயலிகளில் உள்ள ஆழக்கோடுகளில் பல கணினி இட்டுநிரப்பியவை. துறையின் வரைபடத்தில் இருக்கும் தனித்தனி ஆழ எண்கள் உண்மையாகவே அளக்கப்பட்டவை. சுற்றிலும் பதினெட்டு, இருபது என்று எண்கள் இருக்க நடுவில் ஒரேயொரு ஒன்பது இருந்தால் அதை வட்டமிட்டு வையுங்கள்.

பழைய நிலவரைபடங்களையும் தேடிப் பாருங்கள். கரில்லோன் அணை கட்டப்பட்டபோது நீர்மட்டம் உயர்ந்து, தாழ்ந்த கரைகளும் வயல்களும் மூழ்கின. இன்று பிளேசான்ஸ் தேசியப் பூங்காவில் விரிந்து கிடக்கும் சதுப்புக் குடாக்கள் அந்த வெள்ளத்தால் உருவானவைதாம். அணைக்கு முந்தைய வரைபடத்தில் ஆற்றின் பழைய கரைக்கோட்டைப் பார்த்து, அதை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்தால், ஆழமில்லாத ஒரு பரப்பின் நடுவே பழைய கரையின் படிக்கட்டு எங்கே மறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். படகிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது; அதனால்தான் அங்கே யாரும் நிற்பதில்லை.

மூன்றாவது, செயற்கைக்கோள் படங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்த இடத்தைப் படமெடுக்கின்றன. பத்து மீட்டர் அளவு வரை தெரியும், கட்டணமும் இல்லை. ஆகஸ்ட் படத்தில் செடி மெத்தைகளின் வடிவமும், மழைக்குப் பிந்தைய படத்தில் கலங்கல் நீர் எந்தக் கரையை ஒட்டிப் போகிறது என்பதும் தெரியும். நான் அதிகம் பயன்படுத்துவது டிசம்பர் தொடக்கத்திலும் மார்ச் இறுதியிலும் எடுத்த படங்களை. ஆறு உறையத் தொடங்கும்போது தேங்கிய நீர் முதலில் வெள்ளையாகிறது, ஓட்டமுள்ள நீர் கடைசிவரை கறுப்பாக இருக்கிறது. அந்தக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான கோடு, ஆறு தன் நீரோட்ட விளிம்பைத் தானே வரைந்து காட்டும் கோடு. கோடையில் நூறு மணி நேரம் படகோட்டிக் கற்க வேண்டியதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. நீங்கள் தேர்ந்துகொண்ட பத்துக் கிலோமீட்டருக்கு மேகமில்லாத நாளொன்றின் படத்தை எடுத்து, அந்தக் கோட்டை உங்கள் வரைபடத்தில் சிவப்பு மையால் வரைந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஓட்டம் சற்றே வேறுபடும். ஆயினும் மூலக்கோடு அதுதான்.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகும் ஒன்று மீதி இருக்கிறது. ஏரியின் இடம் அசையாது. ஆற்றின் இடம் நீர்மட்டத்தோடு நகரும். மேலே உள்ள அணைகள் மின்தேவைக்கும் மழைக்கும் ஏற்ப நீரைத் திறந்துவிடுவதும் தேக்குவதுமாக இருப்பதால், சென்ற வாரம் தேக்கமாக இருந்த இடம் இந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கும். 1983ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஒட்டாவா ஆற்று ஒழுங்குபடுத்தல் திட்ட வாரியம் அன்றாட நீர்மட்டங்களையும் ஓட்ட அளவுகளையும் வெளியிடுகிறது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், நீர் வெப்பம், மேகம் ஆகியவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். ஓட்ட அளவை எழுதுபவர் சிலரே. என் குறிப்பேட்டில் பத்து ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது, செத்த இடங்கள் என்று நான் கைவிட்ட மூன்று இடங்கள், நீர் உயர்ந்த வாரங்களில் மட்டும் மீன் தந்திருந்தது தெரியவந்தது. நீர் உயர்ந்தால் மீன் கரையை நெருங்கி, முனைகளின் மறைவுக்குள் ஒதுங்குகிறது. நீர் குறைந்து ஓட்டம் சோம்பும் ஆகஸ்டில், ஆறு குறுகும் இடங்களையும் வாய்க்கால் ஓரங்களையும் நாடுகிறது. 2017, 2019 ஆகிய ஆண்டுகளின் வசந்த வெள்ளங்களைப் போன்றவை மணல்திட்டுகளையும் மரங்களையும் இடம் மாற்றிவிடுவதால், பெருவெள்ளத்துக்குப் பிந்தைய ஜூனில் பழைய குறிப்புகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

சோனார் பற்றிக் கேட்டீர்கள். வாங்குங்கள், ஆனால் மீனைப் பார்ப்பதற்காக அன்று, அடித்தரையைப் பார்ப்பதற்காக. பக்கவாட்டில் படம் காட்டும் வகை ஒன்று இருந்தால், வட்டமிட்டு வைத்த இடங்களின் ஓரமாக மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழு நாள் ஓட்டுங்கள், கோலைக் கையில் எடுக்காமல். மூழ்கிக் கிடக்கும் கட்டைகள் குச்சிகளாகத் தெரியும், பாறைக்குப் பின்னால் நீண்ட கறுப்பு நிழல் விழும், மென்சேறு மங்கலாகவும் கூழாங்கல் பளிச்சென்றும் தெரியும். அடித்தரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கோட்டைக் குறித்துவையுங்கள். திரையில் மீன் தெரிந்தால்தான் வீசுவேன் என்று இருப்பவர், இரண்டடி ஆழத்தில் செடிக்குள் நிற்கும் மீனை ஒருநாளும் பார்க்க மாட்டார்.

பருவம் தொடங்கியதும் ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். மூன்றில் ஒரு பங்கு நேரம் புதிய தண்ணீருக்கு. அன்று பழைய இடத்தில் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். நீண்ட விளிம்புகளை முதலில் ட்ரோலிங் செய்து, அதாவது படகை ஓட்டியபடியே இரையை இழுத்துச் சென்று, சோதித்துப் பாருங்கள். ஏதாவது நடந்த இடத்துக்கு மட்டும் திரும்பி வந்து நின்று வீசுங்கள். ஒரு புதிய இடத்துக்கு வேறு வேறு வெளிச்சத்திலும் ஓட்டத்திலும் குறைந்தது ஐந்து முறை வாய்ப்புக் கொடுங்கள். அதற்கும் பிறகு ஒன்றும் இல்லையென்றால் மனத்தாங்கலின்றி அதைக் கோடிட்டு அடித்துவிடுங்கள். வரைபடத்தில் அடிக்கப்பட்ட இடங்களும் மதிப்புள்ளவைதாம்.

பின்தொடர்ந்து வந்து கடிக்காமல் திரும்பும் மீனே உங்களுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய தகவல். பலர் அதைத் தோல்வியாக எண்ணி, இரையை மாற்றி மாற்றி அங்கேயே அரை மணி நேரம் தண்ணீரைக் கலக்குகிறார்கள். அது வேண்டாம். மீன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு ஆழத்தில் வந்தது, எங்கே திரும்பியது என்று பார்த்துக்கொண்டு, இடத்தைக் குறித்துவிட்டு அமைதியாக விலகுங்கள். பொழுது சாயும்போதோ, நிலா எழும்போதோ, காற்று திசை மாறும்போதோ திரும்பி வாருங்கள். எனக்குக் கிடைத்த மீன்களில் பாதிக்கு மேல், அதே நாளிலோ முந்திய நாளிலோ முகம் காட்டிவிட்டுப் போனவை. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டுப் போடுவதை, கை வலித்தாலும், பின்னால் ஒன்றும் தெரியாவிட்டாலும், விட்டுவிடக் கூடாது. தேநீர் நிறத் தண்ணீரில் மூன்றடிக்குக் கீழே வருவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

வந்தது மஸ்கியா அதன் உறவு மீனான வடக்கத்திய பைக்கா என்பதையும் குறிப்பேட்டில் சரியாக எழுதுங்கள், இரண்டும் வெவ்வேறு இடங்களைக் காட்டுபவை. வெளிர் உடலில் கறுத்த கோடுகளோ புள்ளிகளோ இருந்தால் மஸ்கி, கறுத்த உடலில் வெளிர் புள்ளிகள் இருந்தால் பைக். உறுதி செய்ய வேண்டுமானால் கீழ்த்தாடையின் அடியில் ஒவ்வொரு பக்கமும் உள்ள துளைகளை எண்ணுங்கள்: மஸ்கிக்கு ஆறு முதல் ஒன்பது, பைக்குக்கு ஐந்து அல்லது அதற்கும் குறைவு. ஓர் இடத்தில் திரும்பத் திரும்பப் பைக் மட்டுமே வந்தால், ஓட்டம் எட்டாத உள்தேக்கத்துக்குள் போய்விட்டீர்கள் என்று பொருள். விளிம்பை நோக்கி ஐம்பது அறுபது அடி வெளியே வாருங்கள்.

நவம்பரைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான படகுகள் கரையேறிய பின், தண்ணீர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும்போது, மடுவின் விளிம்புகளில் பெரிய மீன்கள் நிற்கின்றன. நெருக்கடி இல்லாத நாட்களைத் தேடும் உங்களுக்கு இது ஏற்ற காலம். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாத காலமும் அதுவே. அணைகளின் அருகே எந்தக் காலத்திலும் போக வேண்டாம். நீரில் ஊறிச் செங்குத்தாக மிதக்கும் பழைய கட்டைகள் உள்ளதால் தெரியாத பகுதியில் வேகமாக ஓட்டவும் வேண்டாம். ஆற்றின் நடுவே மாநில எல்லை ஓடுவதால் ஒன்டாரியோ, கியூபெக் ஆகிய இரண்டின் அந்தந்த ஆண்டு விதிகளையும், பூங்காக்களின் தனி விதிகளையும் படித்துவிட்டுப் போங்கள்.

நான் இங்கே எந்த இடத்தையும் புள்ளி வைத்துக் காட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கஞ்சத்தனம் அன்று. 50 அங்குல மீன் பெரும்பாலும் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெண்மீன். ஓரிடத்தில் அப்படிப்பட்டவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 2005ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் ஆயிரம் தீவுகள் பகுதியில் விஎச்எஸ் என்னும் வைரஸ் நோயால் பெரிய மஸ்கிகள் பல செத்து மிதந்தன; அந்த இழப்பிலிருந்து அவை விரைவில் மீளவில்லை. ஆகவே வேறு நீர்நிலைக்குப் போய்வந்த படகைக் கழுவிக் காயவைக்காமல் ஆற்றில் இறக்காதீர்கள். 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மஸ்கிஸ் கனடா அமைப்புக்கு ஒட்டாவாவில் கிளை உண்டு. மீனைக் கையாளும் முறையை அங்கே நேரில் கற்றுக்கொள்ளலாம். பெரிய ரப்பர் கைவலை, நீண்ட இடுக்கி, முள்ளை வெட்டும் கத்தரி ஆகிய மூன்றும் இல்லாமல் துறையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

தண்ணீரின் வெப்பம் 27 பாகையை நெருங்கினால் மஸ்கியை விட்டுவிட்டு வேறு மீனுக்குப் போங்கள். ஒரு ஜூலை மாதத்தில், நான் கண்டுபிடித்த மிக நல்ல புதிய இடம் ஒன்றில், வெப்பமானியைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் வீசினேன். மீன் கிடைத்தது, நீந்தியும் போனது. மறுநாள் காலை இரண்டு கிலோமீட்டர் கீழே நாணல் ஓரத்தில் வெள்ளை வயிறு மேலே தெரிய அது கிடந்ததைப் பார்த்தேன். வலது தாடையில் முள் தைத்த இடத்தை அடையாளம் கண்டேன். அந்த இடத்தில் பிறகு நான்கு ஆண்டுகள் ஒரு மீனும் பின்தொடர்ந்துகூட வரவில்லை.

எந்தப் பத்துக் கிலோமீட்டரைத் தேர்ந்தீர்கள் என்பதையும், மார்ச் மாதப் படத்தில் கறுப்புக் கோடு எங்கே விழுகிறது என்பதையும் எனக்குத் தனியாக எழுதுங்கள். வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஜூனில் முதலில் பார்க்க வேண்டிய ஐந்தாறு இடங்களைச் சேர்ந்தே குறித்துவிடலாம்.